சந்தேகம் யார் மேல் விழுகிறது? பேஸ்பால், ஊக்கமருந்து, பத்திரிகையாளர்கள்: கேள்வி பதில்

பேஸ்பாலில் யார் ஸ்டீராய்டு எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் இருபது வருடத்துக்கு மேலாக எழுதி வருகிறார்கள். அதில் ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஒரு வீரரைப் பற்றிப் பத்திரிகைக்காரர் என்ன நினைத்தால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு கவலை?

பதில்: ஏனென்றால் ஓட்டு அவர்கள் கையில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆன வீரர்களில் யார் அதற்குள் போகலாம் என்று முடிவு செய்வது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர்கள் சங்கம். பத்து வருடம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர்களுக்கு ஓட்டு உண்டு. ஒரு சீட்டில் பத்துப் பெயர் வரை எழுதலாம். 75 சதவீதம் கிடைத்தால் வீரர் உள்ளே போவார். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அத்தோடு பெயர் நீங்கிவிடும். முன்பு ஒருவர் பெயர் 15 வருடம் சீட்டில் இருக்கலாம். 2014-ல் அதை 10 ஆகக் குறைத்தார்கள்.

ஓட்டுப் போடும்போது வீரரின் நேர்மை, விளையாட்டு உணர்வு, குணம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஸ்டீராய்டு பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதனால் ஒவ்வொருவரும் மனதுக்குள் வைத்திருக்கிற சந்தேகமே சட்டம் போல ஆகிவிட்டது.

கேள்வி: சார், 1998-ல் மக்வயரும் சோசாவும் அடித்த ஹோம் ரன்களைப் பார்த்துத்தான் நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். அப்போது எந்தப் பத்திரிகையும் சந்தேகப்படவில்லையா?

பதில்: ஒருவர் கேட்டார். அவருக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

1994-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவத்தின் இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் நடக்கவே இல்லை. ரசிகர்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். நான்கு வருடம் கழித்து மார்க் மக்வயர் 70 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல), சாமி சோசா 66 என்று அடித்துத் தள்ளினார்கள். 1961-ல் ரோஜர் மாரிஸ் வைத்த 61 என்ற சாதனையை ஒரே பருவத்தில் இரண்டு பேர் தாண்டினார்கள். பேஸ்பாலைக் காப்பாற்றிய கோடை என்று பத்திரிகைகள் கொண்டாடின.

அந்த ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டைன், மக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டியோன் என்ற, தசை வளர்க்க எடுக்கும் மாத்திரைப் புட்டி கண்ணில் படும்படி இருந்ததைப் பார்த்து எழுதினார். அது அப்போது கடையில் கிடைத்த பொருள். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடை இருந்தது, பேஸ்பாலில் இல்லை. அவர் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் அணியின் மேலாளர் டோனி லா ரூசா அவர் மேல் பாய்ந்தார். சக பத்திரிகையாளர்கள் பலரும் அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்று வில்ஸ்டைனைத்தான் குறை சொன்னார்கள்.

அப்புறம் காற்று மாறியது. 2007-ல் மக்வயர் பெயர் முதல்முறை ஓட்டுச் சீட்டில் வந்தபோது 23.5 சதவீதம்தான் விழுந்தது. அவர் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டது 2010-ல். அதாவது வாக்குமூலத்துக்கு மூன்று வருடம் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. 1998-ல் கைதட்டியவர்களே 2007-ல் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். இடையில், அன்று நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று தங்களைப் பார்த்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

கேள்வி: 2022-ல் டேவிட் ஆர்ட்டிஸ் உள்ளே, பேரி பாண்ட்ஸும் ரோஜர் கிளெமென்ஸும் வெளியே. இது அப்பட்டமான பாரபட்சம் இல்லையா?

பதில்: அந்த வருடம் பாஸ்டன் அணியின் மட்டையாளர் ஆர்ட்டிஸுக்கு முதல் முயற்சியிலேயே 77.9 சதவீதம். பாண்ட்ஸுக்கு 66, கிளெமென்ஸுக்கு 65.2. அவர்கள் இருவருக்கும் அது பத்தாவது, கடைசி வருடம். 762 ஹோம் ரன் அடித்த பாண்ட்ஸும், சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுபவருக்கான) சை யங் விருதை ஏழு முறை வாங்கிய கிளெமென்ஸும் அந்த ஓட்டோடு பட்டியலை விட்டு வெளியேறினார்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டை நான் முழுதாக ஏற்கவில்லை. பாண்ட்ஸ் விஷயத்தில், வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்த பால்கோ ஆய்வகத்தில் அதிகாரிகள் நடத்திய சோதனை, கிராண்ட் ஜூரி என்ற நீதிமன்றக் குழுவின் விசாரணை எல்லாம் இருந்தன. கிளெமென்ஸைப் பற்றி, பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றி விசாரித்த 2007 மிட்செல் அறிக்கையில் அவருடைய பயிற்சியாளரின் வாக்குமூலம் இருக்கிறது. கிளெமென்ஸ் மறுத்தார். பொய் சாட்சி வழக்கில் 2012-ல் விடுதலையும் ஆனார். இரண்டு பேருமே ஸ்டீராய்டுக்காக ஒருநாள் கூடத் தடை பெற்றதில்லை. இருந்தாலும் அவர்கள் மேல் இருந்த ஆதாரத்தின் எடை வேறு.

நீங்கள் ஆர்ட்டிஸ் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் சாமி சோசா. 2003-ல் வீரர்களிடம் பெயர் வெளியிடாமல் ஒரு சோதனை நடத்தினார்கள். 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் அடுத்த வருடம் முதல் தண்டனை உண்டு என்பது ஏற்பாடு. ரகசியமாக இருக்க வேண்டிய அந்தப் பட்டியல் அரசு விசாரணையாளர் கைக்குப் போய், பெயர்கள் கசிந்தன. 2009 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் சோசா பெயரை வெளியிட்டது. ஆறு வாரம் கழித்து, ஜூலையில், அதே பத்திரிகை ஆர்ட்டிஸ் பெயரை வெளியிட்டது. ஒரே பட்டியல், ஒரே பத்திரிகை, ஒரே கோடைக்காலம்.

2016-ல் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட், அந்தப் பட்டியலின் சில முடிவுகள் அறிவியல்ரீதியாகச் சந்தேகத்துக்குரியவை என்று ஆர்ட்டிஸைப் பற்றிப் பேசும்போது சொன்னார். நியாயமான பேச்சு. ஆர்ட்டிஸுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதே சந்தேகம் சோசாவுக்கும் பொருந்த வேண்டாமா? 609 ஹோம் ரன் அடித்தவர், பத்து வருடத்தில் ஒருமுறை கூட 18.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2003-ல் அவர் விதியை மீறி மட்டைக்குள் தக்கை வைத்து மாட்டிக்கொண்டார், உண்மை. ஒரு காலகட்டம் தவிர மற்ற வருடங்களில் ஆட்டம் சுமார் என்பவர்களும் உண்டு. அதற்காக ஓட்டுப் போடவில்லை என்றால் அது கிரிக்கெட் ரசிகர்களுக்கும் புரியும் வாதம். ஆனால் அவரை ஒதுக்கியவர்கள் பெரும்பாலும் சொன்ன காரணம் அந்தப் பட்டியல். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பது இதுதான்.

ஆர்ட்டிஸ் நிருபர்களிடம் சிரித்துப் பேசுவார். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு மைதானத்தில் நின்று அந்த ஊருக்காகப் பேசியவர். பாண்ட்ஸ் நிருபர்களிடம் எரிந்து விழுவார். பழகுவதற்கு இனிமையானவரின் மேல் விழுகிற சந்தேகம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

கேள்வி: எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவரைத் தண்டித்திருக்கிறார்களா?

பதில்: ஜெஃப் பேக்வெல், மைக் பியாசா. இந்த இரண்டு பெயரைச் சொன்னாலே எனக்குக் கோபம் வந்துவிடும்.

இருவரும் சோதனையில் சிக்கியதில்லை. மிட்செல் அறிக்கையில் 89 வீரர்கள் பெயர் வந்தது, அதில் இவர்கள் இல்லை. மக்வயர் லாக்கரில் இருந்த அதே, கடையில் விற்ற ஆண்ட்ரோஸ்டீன்டியோனைப் பயன்படுத்தியதாக இருவருமே சொன்னார்கள், அவ்வளவுதான். பேக்வெல் பின்னாளில் புஜம் பெருத்தார் என்பதற்காகச் சந்தேகம். 2011-ல் அவருக்கு 41.7 சதவீதம். ஹூஸ்டனில் கூடவே ஆடிய கிரேக் பிஜியோ 2015-லேயே உள்ளே போய்விட்டார். பேக்வெல் 2017 வரை, ஏழாவது முயற்சி வரை காத்திருந்தார்.

பியாசா, அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 1988-ல் 62-ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். அந்த இடத்தில் எடுக்கப்படுபவர்களை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அங்கிருந்து வளர்ந்து, கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் போல) ஆடி 396 ஹோம் ரன் அடித்தார், அந்த இடத்தில் ஆடியவர்களில் அதுவே சாதனை. நியூயார்க் டைம்ஸில் பல வருடம் இருந்த மூத்த எழுத்தாளர் மர்ரே சாஸ், பியாசாவின் முதுகில் பருக்கள் இருந்ததை ஸ்டீராய்டுக்கு அடையாளமாகச் சொன்னார். முதுகுப் பரு! வெயிலில் கேட்சர் கவசத்தைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் குந்தி உட்காருகிற மனிதரின் முதுகு அது. 2016-ல் நான்காவது முயற்சியில்தான் அவருக்கு வழி திறந்தது.

கேள்வி: ஒன்று சொல்லட்டுமா? 1998-ல் கேட்கவில்லை என்று திட்டுகிறீர்கள், பிறகு கேட்டால் அதற்கும் திட்டுகிறீர்கள். சந்தேகப்படுவது பத்திரிகையாளர் வேலைதானே?

பதில்: வேலைதான். சந்தேகம் வந்தால் எழுந்து போய் விசாரிக்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிளின் மார்க் ஃபைனாரு-வாடாவும் லான்ஸ் வில்லியம்ஸும் அதைச் செய்தார்கள். பால்கோ விவகாரத்தை ஆவணங்களோடு எழுதினார்கள். தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் 2006-ல் நீதிபதி 18 மாதம் வரை சிறை என்று உத்தரவிட்டார். பிறகு தகவல் தந்தவர் யார் என்று தெரிந்து, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதால்தான் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து புஜத்தை அளந்தவர்களை அந்த வரிசையில் வைக்க முடியாது.

இன்னொரு சம்பவம் சொல்கிறேன். 2009 ஜூனில் பிலடெல்ஃபியா அணியின் ராவுல் இபான்யெஸ், 37 வயதில் திடீரென்று ஹோம் ரன்களாக அடித்துக்கொண்டிருந்தார். தன் சொந்த வலைத்தளத்தில் எழுதும் ஒரு ரசிகர், மைதானத்தின் அளவு, எதிர்கொண்ட பிட்சர்கள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் சந்தேகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை என்று எழுதினார். இபான்யெஸ் கொதித்துப் போனார், அது நியாயம். ஆனால் பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து அந்த ரசிகருக்குப் பொறுப்பைப் பற்றி வகுப்பெடுத்தார்கள். ஆதாரமில்லாமல் ஒருவர் பெயரை இழுப்பது தவறு என்ற அவர்கள் பேச்சு சரிதான். அதே அளவுகோலை ஒன்றரை வருடம் கழித்துப் பேக்வெல்லின் பெயர் சீட்டில் வந்தபோது அந்தத் தொழில் மறந்துவிட்டது. அந்த ரசிகராவது தன் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி போட்டுக் காட்டினார்.

கேள்வி: ஐயா, பழைய காலத்து வீரர்கள் சுத்தமானவர்கள் என்று எழுதுகிறார்களே, அது உண்மையா?

பதில்: ஆம்ஃபெடமின் மாத்திரைகளைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. வீரர்கள் அதைப் பச்சை மாத்திரை என்பார்கள். அசதி தெரியாமல் ஆட வைக்கும். பல தலைமுறை வீரர்கள் எடுத்தார்கள். 1985 பிட்ஸ்பர்க் போதைப்பொருள் வழக்கில் வீரர்களே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். அந்தக் காலத்து மாபெரும் வீரர் வில்லி மேஸ் பெயர் கூட அடிபட்டது, அவர் மறுத்தார். அவருக்கு இணையான ஹாங்க் ஆரன் ஒருமுறை எடுத்ததாகத் தானே சொல்லியிருக்கிறார். பேஸ்பால் அதைத் தடை செய்தது 2006-ல்தான். இதற்காக ஆரனையோ மேஸையோ யாரும் குறைக்க வேண்டாம், நான் இருவரையும் வணங்குபவன். ஆனால் அந்தத் தலைமுறையை வெள்ளை வேட்டியாகவும் இந்தத் தலைமுறையைச் சேறாகவும் காட்டுவது வரலாறு அல்ல.

விதியை மீறிப் பந்தில் எச்சிலும் வாஸலினும் தடவி வீசியதாகத் தானே சொன்ன பிட்சர் கேலார்ட் பெர்ரியை 1991-ல் இதே சங்கம்தான் தேர்ந்தெடுத்தது.

கேள்வி: கிரிக்கெட்டில் இப்படி உண்டா?

பதில்: ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பைக்குச் சற்று முன் தடை செய்யப்பட்ட மாத்திரைக்காக ஒரு வருடத் தடை வாங்கினார். 2013-ல் ஐ.சி.சி. ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். அங்கே தண்டனை முடிந்ததோடு கணக்கு முடிந்தது.

கேள்வி: வீரர்களை மட்டும் பேசுகிறோம். அணி நிர்வாகம், கமிஷனர்?

பதில்: அந்தக் காலம் முழுக்க ஆட்டத்தை நடத்திய கமிஷனர் பட் செலிக் 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். மக்வயரையும், ஸ்டீராய்டு எடுத்ததைத் தானே புத்தகமாக எழுதிய ஹோசே கான்செகோவையும் ஆட வைத்த மேலாளர் லா ரூசா 2014-ல். இவர்களை எடுத்தது எழுத்தாளர்கள் அல்ல, தனிக்குழுக்கள். செலிக் உள்ளே போன பிறகு, இனி பாண்ட்ஸைத் தடுப்பதில் என்ன நியாயம் என்று சில எழுத்தாளர்கள் மனம் மாறினார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். பேக்வெல்லும் செலிக்கும் ஒரே நாள் ஒரே மேடையில் கௌரவிக்கப்பட்டார்கள். ஒருவர் ஆதாரமற்ற சந்தேகத்தால் ஆறு முறை திருப்பி அனுப்பப்பட்டவர்.

கேள்வி: உங்களிடம் ஓட்டு இருந்தால்?

பதில்: 2005 முதல் சிக்கினால் ஆட்டத் தடை என்று எல்லோருக்கும் தெரியும்படி விதி வந்தது. அதற்குப் பிறகு பிடிபட்டவருக்குப் போட மாட்டேன். மேனி ராமிரெஸ் எனக்கு மிகவும் பிடித்த மட்டையாளர், 555 ஹோம் ரன். 2009-லும் 2011-லும் சிக்கினார், அதனால் அவர் பெயர் என் சீட்டில் இருக்காது. பாண்ட்ஸ், கிளெமென்ஸ் பெயர் இருக்கும். சோசாவை ஆட்டத்தை வைத்து மட்டும் எடைபோடுவேன்.

அந்தச் சீட்டை என் பெயரோடு வெளியிடுவேன். 2016 டிசம்பரில் எழுத்தாளர்கள் சங்கமே எல்லாச் சீட்டுகளையும் வெளியிட வேண்டும் என்று பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டது. ஹால் ஆஃப் ஃபேம் மறுத்துவிட்டது. விரும்பியவர் வெளியிடலாம், மற்றவர் மறைக்கலாம். ஆதாரமில்லாமல் யாரை ஒதுக்கினார்கள் என்று அந்த மறைந்த சீட்டுகளில்தான் இருக்கிறது.