தாடையைத் தேடும் விரல்கள்

கேள்வி: சவரம் செய்த மறுநாளே தாடையில் நெருடும் முடியை நகத்தால் பிடுங்கும் பழக்கத்தை என்னால் விட முடியவில்லை. இதனால் தீங்கு உண்டா?

பதில்: உண்டு. முடி தோலுக்கு அடியிலேயே அறுந்துவிட்டால், மீண்டும் வளரும் நுனி வெளியே வர வழியின்றி உள்ளேயே வளைந்து, சிவந்த சிறு கட்டியாக வீங்கும். நக அழுக்கும் சேர்ந்தால் சீழ் பிடித்து, ஆறிய பின்பும் கரும்புள்ளி நிற்கும். சுருள்முடிக்காரர்களுக்கு இத்தொல்லை அதிகம். பிடுங்கினால் முடி அடர்ந்து வளரும் என்பது மட்டும் உண்மையன்று. படிக்கும்போதோ யோசனையில் ஆழ்ந்திருக்கும்போதோதான் விரல் தானாகத் தாடைக்குப் போகும். அந்த நேரத்தில் கையில் ஒரு சிறு பந்தை வைத்து உருட்டிக்கொண்டிருங்கள். எவ்வளவு முயன்றும் நிறுத்த இயலாமல் முடியற்ற திட்டுகள் தோன்றினால், அது ட்ரைக்கோட்டில்லோமேனியா என்னும் மனநலக் குறைபாடாக இருக்கலாம். பழக்கத்தை மாற்றும் பயிற்சிச் சிகிச்சை அதற்கு நல்ல பலன் தருவதால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.