மகள் கல்லூரி கோல்ஃப் கோச் ஆகப்போகிறாளாம்: பிரிஸ்கோ அம்மாவுக்குப் பதில்

டெக்சாஸ் மாநிலம் பிரிஸ்கோவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் மூன்றாம் ஆண்டு பிசினஸ் படிக்கிறாள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-இல் பெண்கள் கோல்ஃப் அணிக்கு ஆடுகிறாள். நல்ல மதிப்பெண். கோடை விடுமுறைக்கு ஒரு பெரிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்பும் கையில் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நான் காலேஜ் கோச் ஆகப்போறேன்" என்கிறாளாம். "சின்ன வயசிலிருந்து கோல்ஃபுக்காகக் கொட்டியதெல்லாம் கடைசியில் ஊரார் பிள்ளைக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவா?" என்று கேட்கிறார்.

அம்மா, இது மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை இல்லை. டிவிஷன் 1-க்கு வருகிற பெண்ணுக்குப் பெரும்பாலும் சொந்த ஊரில் ஒரு ஸ்விங் கோச், அதாவது மட்டை வீசக் கற்றுக்கொடுப்பவர், இருப்பார். பல வருடம் ஆடிப் படிந்துபோன ஸ்விங்கைக் கல்லூரி கோச் வந்து கலைத்துப்போடுவது அபூர்வம். ஆட்களைத் தேடுவது, யாரை இறக்குவது என்று முடிவெடுப்பது, பயண ஏற்பாடு, பட்ஜெட், நன்கொடையாளர்களிடம் பேசுவது, மாணவிகளின் படிப்பைக் கவனிப்பது, பெற்றோரைச் சமாளிப்பது, இவைதான் அவருடைய நாளை விழுங்கும். அதனால் உங்கள் மகள் எவ்வளவு ஸ்கோர் எடுக்கிறாள் என்பதை வைத்து இந்த முடிவை எடைபோட வேண்டாம்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், உறுத்துவது அதுதானே. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2024 கணக்குப்படி கோச்சுகள், ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் எல்லோரையும் சேர்த்து இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 46 ஆயிரம் டாலர். பாதிப்பேர் அதற்கும் கீழே. புதிதாக வரும் அசிஸ்டன்ட் கோச் அந்தக் கீழ்ப்பாதியில் இருப்பாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது பெரிய கல்லூரிகள் சேர்ந்து ஆடும் குழுக்களில், தலைமை கோச்சுக்கு லட்சம் டாலரைத் தாண்டும், ஆனால் அந்த நாற்காலிகள் கொஞ்சம்தான். என் வார்த்தையை நம்ப வேண்டாம். உங்கள் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழக ஊழியர் சம்பளம் பொதுத் தகவல். டெக்சாஸ் டிரிப்யூன் இணையத்தில் தேடும் வசதியே வைத்திருக்கிறது. நாலைந்து அரசுப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் கோல்ஃப் கோச், அசிஸ்டன்ட் கோச் சம்பளத்தை நீங்களும் உங்கள் கணவரும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். அதற்கப்புறம் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

நுழைவது எப்படி? அதிகம் பேர் போகும் பாதை, கிராஜுவேட் அசிஸ்டன்ட். ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவி செய்ய வேண்டும். பல இடங்களில் படிப்புக் கட்டணம் முழுவதுமோ ஒரு பகுதியோ தள்ளுபடியாகும், கூடவே சிறிய உதவித்தொகை. இரண்டு வருடத்தில் கோச்சிங் ஒத்துவரவில்லை என்றாலும் கையில் ஒரு முதுகலைப் பட்டம் இருக்கும், பெரிய கடன் இருக்காது. பயப்படுகிற பெற்றோருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அதன்பின் அசிஸ்டன்ட், பிறகு சிறிய கல்லூரியில் தலைமை, அங்கிருந்து பெரிய இடம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து கலிபோர்னியா பெர்க்லியில் ஆடிய ஆன் வாக்கர், அங்கேயே அசிஸ்டன்டாக இருந்து, யூசி டேவிஸில் தலைமைப் பொறுப்புக்குப் போய், 2012இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். 2015, 2022, 2024 என மூன்று முறை தேசியப் பட்டம். இன்னொரு பக்கம் டியூக் பல்கலைக்கழகத்தின் டான் புரூக்ஸ்: 1984இல் பொறுப்பேற்றவர், ஒரே இடத்தில் ஏழு பட்டம். இரண்டும் உச்சாணிக் கொம்பு. வழி இப்படித்தான் போகிறது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

டிவிஷன் 3 கல்லூரிகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஒரே ஆள் ஆண்கள் அணியையும் பெண்கள் அணியையும் பார்ப்பார், சில இடங்களில் அட்மிஷன் அலுவலகத்திலும் வேலை பார்ப்பார். சம்பளம் குறைவு, ஆனால் வேலை பழக நல்ல இடம்.

இனி, வேலையின் உள்பக்கம். ஜூலை மாத வெயிலில், அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கத்தின் ஒரு போட்டியில், கல்லூரிச் சின்னம் போட்ட தொப்பியோடு ஓரமாக நடந்துபோகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள், உங்கள் மகளும் அந்த வழியாக வந்தவள்தானே. அவர்கள் அந்த வயதுப் பெண்ணிடம் நினைத்த நேரத்தில் பேசிவிட முடியாது. டிவிஷன் 1 விதிப்படி, பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வந்த பிறகுதான் போனோ மெசேஜோ செய்யலாம். வெளியூர் போய் ஆள் தேடுவதற்கே கோச் ஆண்டுதோறும் ஒரு விதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஸ்கோர் என்னவோ இணையத்திலேயே கிடைக்கிறது. அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போய் நடக்கிறார்கள்? ஒரு குழியில் டபுள் போகி அடித்து (இரண்டு அடி கூடுதலாகி) சொதப்பியபின் அடுத்த குழியின் தொடக்கத்துக்கு அந்தப் பெண் எப்படி நடந்துபோகிறாள், ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் பாட்டில் நீட்டுகிற அம்மாவிடம் எந்தக் குரலில் பேசுகிறாள், இதைப் பார்க்கத்தான்.

அணி கூடிய பிறகுதான் நிஜமான கஷ்டம். ஒரு போட்டிக்கு ஐந்து பேர், அதில் சிறந்த நான்கு ஸ்கோர் கணக்கில் சேரும். அணியில் எட்டு ஒன்பது பேர் இருந்தால் மிச்சம் பேர் வீட்டில். முதல் நான்கு இடம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும், தகராறு ஐந்தாவது இடத்துக்குத்தான். தகுதிச் சுற்றில் ஒரு ஸ்ட்ரோக் பின்தங்கிய, ஆனால் அந்த மைதானத்தில் போன வருடம் நன்றாக ஆடிய பெண்ணை எடுப்பதா, ஜெயித்த முதலாமாண்டுப் பெண்ணை எடுப்பதா? முடிவெடுத்துவிட்டு, விடுபட்டவளை அறைக்குள் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். அன்றிரவு அவளுடைய அப்பா போன் செய்வார். (நீங்கள் செய்ததில்லை என்று நம்புகிறேன்.) மறுநாள் அதிகாலை ஐந்து பேரை வேனில் ஏற்றிக்கொண்டு பல நேரம் கோச்சே ஓட்டிப்போவார். முதல் நாளே 36 ஹோல், அதாவது இரண்டு முழுச் சுற்று, ஆடுகிற போட்டிகள் உண்டு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காலில்தான் நிற்க வேண்டும். கல்லூரி கோல்ஃபில் ஆட்டத்தின் நடுவே கோச் ஆலோசனை சொல்லலாம் என்பதால், யார் பக்கம் எப்போது போய் நிற்பது என்பதே ஒரு தனிக் கலை. சிலருக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். சிலருக்கு ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் உங்கள் மகளைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். அணியில் விடுபட்ட தோழியிடம் அவள் போய்ப் பேசுகிறாளா, ஒதுங்கிக்கொள்கிறாளா? பிடிக்காத செய்தியை நேராகச் சொல்ல அவளுக்கு வருமா? தனக்கு ஆட்டம் மோசமாகப் போன நாளிலும் மற்றவளின் ஸ்கோரை விசாரிக்கிறாளா? ஆம் என்றால் அவளைத் தடுக்காதீர்கள். கோல்ஃபை விட மனமில்லாமல் மட்டும் இதைக் கேட்கிறாள் என்றால், கோல்ஃப் நிறுவனங்களிலேயே விற்பனை, நிகழ்ச்சி நிர்வாகம் என்று பிசினஸ் படித்தவளுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. கோல்ஃப் தொழில்முறையாளர்களின் சங்கமான அமெரிக்க பிஜிஏ 2022இல் தலைமையகத்தையே உங்கள் ஊருக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

வேலை நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிற 'டைட்டில் 9' சட்டம் 1972இல் வந்தது. பெண்கள் அணிகள் பெருகின. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பு பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண் கோச்சுகள்தான். சம்பளமும் மரியாதையும் ஏறியதும் ஆண்கள் வந்தார்கள், எல்லா விளையாட்டையும் சேர்த்துப் பார்த்தால் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் பெண் கோச் வேண்டும் என்று தேடுகிற கல்லூரிகளும் உண்டு, உங்கள் மகளுக்கு அது கொஞ்சம் சாதகம்.

2025 ஜூனில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மீது வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 20.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போகும். பெண்கள் கோல்ஃபில் முன்பு அணிக்கு 6 ஸ்காலர்ஷிப் என்றிருந்த வரம்பு, இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் போய்விட்டது. பதிலாக அணியில் 9 பேருக்கு மேல் கூடாது. வருமானம் தராத விளையாட்டுகளின் பட்ஜெட்டில் கை வைக்கப் பார்ப்பார்கள், இதை மறைக்க மாட்டேன். பெண்கள் அணியை மூடினால் டைட்டில் 9 கணக்கு இடிக்கும் என்கிற பயம் இருப்பதால் ஆண்கள் அணியைவிட இது கொஞ்சம் பத்திரம் என்பது என் கணிப்பு.

இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போய் ஆடுகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கும் அனுமதி, அதாவது ஓபிடி, 12 மாதம். கோச்சிங் வேலைக்கு அதற்குமேல் நீட்டிப்பை எதிர்பார்க்காதீர்கள். பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி வேலை விசாவின் லாட்டரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஒரு அசிஸ்டன்ட் கோச்சுக்காக அந்த விசாவின் செலவை ஏற்கிற விளையாட்டுத் துறைகள் குறைவு. முதுகலை படிக்கும்போதே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கல்யாணம் பற்றி நீங்கள் சுற்றி வளைத்து எழுதியதும் புரிந்தது. இலையுதிர்காலத்தில் இரண்டு மாதம், பிறகு ஜனவரி கடைசியிலிருந்து மே வரை சீசன், கோடையில் ஆள் தேடும் பயணம். வீட்டில் இருக்கும் நாள் குறைவுதான். குழந்தை குட்டியோடு இதைச் செய்கிற பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் கூட இருக்கிறவரும் இதற்கு ஒத்துவருகிறவராக இருக்க வேண்டும். அதை இப்போதே தீர்க்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு, இன்டர்ன்ஷிப்பை அவள் விட வேண்டாம். கோச்சிங் இடங்கள் பெரும்பாலும் மே மாதம் சீசன் முடிந்த பிறகுதான் காலியாகும். அவளுக்கு அது அடுத்த வருடக் கதை. என்சிஏஏ மார்க்கெட் தளத்தில் வேலை அறிவிப்புகளை இப்போதிருந்தே படித்து வரட்டும், என்னென்ன தகுதி கேட்கிறார்கள் என்று பிடிபடும். அணியின் ஆட்டத் தரவுகளை அலசுவது, ஒரு பயணத்தின் பட்ஜெட் போடுவது, இந்த இரண்டையும் கடைசி ஆண்டில் தன் கோச்சிடம் கேட்டு வாங்கிச் செய்யட்டும். அவர் எழுதப்போகும் பரிந்துரைக்கு இது கைகொடுக்கும்.

அவள் அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கோச்சுக்கு இவர் போன் போட்டு விசாரிக்க வேண்டாம். மகளே போய்க் கேட்கட்டும்.