பழைய ஸ்டீரியோ ஸ்லைடு பெட்டி கிடைத்திருக்கிறது. ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். ஸ்டீரியோ ஸ்லைடு என்றால் ஒரே காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு ஃபிலிம் படமாக ஒரே அட்டையில் பொருத்தியது; பார்க்கும் கருவியில் வைத்தால் காட்சி ஆழத்தோடு தெரியும். என்னைப் போல உங்களுக்கும் யாரோ காலமானவரின் வீட்டுச் சாமான்களை விற்கும்போதுதான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் இருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் அப்படி ஒரு விற்பனையில் நாற்பது ஸ்லைடும் பார்க்கும் கருவியும் வாங்கினேன். எல்லாம் ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவில் எடுத்தவை. 1947-இல் இதே ஊர் டேவிட் ஒயிட் கம்பெனி கொண்டுவந்த கேமரா, 70 மி.மீ. இடைவெளியில் இரண்டு லென்ஸ், ஒரே அழுத்தலில் இரண்டு படம்.

ஒரு ஸ்லைடில், ஏரிக்கரையில் ஈரோ சாரினென் வடிவமைத்த போர் நினைவு மையம். 1957-இல் கட்டி முடித்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஏதோ கான்கிரீட் பெட்டி என்றே நினைத்திருந்தேன். கருவியில் கண்ணை வைத்தேன்; அந்தரத்தில் நீண்டிருக்கும் மேல்தளம் என் நெற்றிக்கு நேரே வந்து நின்றது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மேற்குச் சுவரில் இன்று இருக்கும் ரோமன் எண் மொசைக் 1959-இல் வந்தது. ஸ்லைடில் அந்தச் சுவர் வெறுமையாக இருக்கிறது.

இவற்றைத்தான் ஒரு ஸ்கேன் கடையில் கொடுத்தேன். அட்டையைப் பிரித்து, இடது வலது எல்லாவற்றையும் ஒரே உறையில் கொட்டித் தந்தார்கள். இரண்டும் இடம் மாறினால் ஆழமே தலைகீழாகிவிடும். ஒரு ஹால் படத்தில் முன்னால் கிடக்கும் பிளைவுட் நாற்காலி சுவருக்கு அப்பால் போய்விடும். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஜோடி சேர்த்தேன். இடக்கண் படத்தில் கிட்டத்தில் உள்ள பொருள் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருக்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஸ்கேனே கூடாது என்று சொல்லவில்லை, சண்டைக்கு வந்துவிடாதீர்கள். அட்டையைப் பிரிக்காமல் எடுங்கள் என்கிறேன். கோடாக் கம்பெனியின் கோடாக்ரோம் கலர் ஃபிலிம் என்றால் இருட்டில் வைத்தால் போதும், நிறம் அப்படியே நிற்கும். புரொஜெக்டர் வெளிச்சம்தான் அதற்கு ஆகாது. 2010 கடைசியோடு அந்த ஃபிலிமைக் கழுவிக் கொடுக்கும் கடைசி லேபும் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். போன வருடம் வீடு தேடினோம். விளம்பரத்தில் எல்லாம் அகலக் கோண லென்ஸ் படம், ஹால் கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது. நேரில் போனால் சோபா போட்டால் நடக்க வழியில்லை. எழுபது வருடத்துக்கு முந்தைய ஸ்லைடில் ஒரு ஹாலைப் பார்த்தால், நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே எத்தனை எட்டு என்று எண்ணிச் சொல்லலாம்.

சரி, உங்கள் பெட்டியோடு பார்க்கும் கருவி வந்ததா? இல்லையென்றால் பழைய ரியலிஸ்ட் கருவி ஒன்றை வாங்கி, நாலு ஸ்லைடையாவது பாருங்கள். அதுவரை குப்பைத்தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.