குழுவில் இருவர் மட்டுமே எழுதுகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில்

வணக்கம். முதுகலைப் புள்ளியியல் மாணவர் 40 பேருக்காகத் தொடங்கிய இணையக் குழுவில் இருவர் மட்டுமே எழுதுவதாகவும், ஏனையோர் 'நன்றி சார்' என்பதோடு நிறுத்திக்கொள்வதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். பதிவுக்கு மதிப்பெண் வைக்கும் உங்கள் யோசனையால் எண்ணிக்கை கூடுமே தவிர, உரையாடல் வளராது.

என் பார்வையில் குறை கேள்வியில்தான் இருக்கிறது. 'தொடர்புப் போக்கை (regression) விளக்குக' என்று கேட்டால், முதலில் எழுதுபவரே விடை முழுவதையும் எழுதிவிடுகிறார். அடுத்தவருக்குச் சொல்ல என்ன மிச்சம்? அமெரிக்க உளவியலாளர் எலியட் அரோன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்காக வடிவமைத்த, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து முழுமையைச் சேர்ந்து உருவாக்கவைக்கும் ஜிக்சா முறையை முயன்று பாருங்கள். மாணவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒரே தரவுத் தொகுப்பில் ஒருவருக்கு விடுபட்ட மதிப்புகள், இன்னொருவருக்கு விலகி நிற்கும் புள்ளிகள், மற்றொருவருக்கு எச்சங்களின் (கணித்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளின்) வரைபடம் எனப் பங்கிட்டுக் கொடுத்தால், பிறர் எழுதியதைப் படிக்காமல் எவராலும் இறுதி அறிக்கையை முடிக்க இயலாது. ஒரே பங்கைப் பெற்றவர்கள் முதலில் தமக்குள் கலந்து பேசத் தனி உரையாடல் இழை (thread) ஒன்று அவசியம். பலரும் கைவிட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

இன்னொன்று, ஐயம் எழுந்தவுடன் நீங்களே விடையளிக்காமல் ஒரு நாளாவது பொறுத்திருங்கள். இப்போது எழுதிவரும் அந்த இருவரையும் ஒரே ஐவர் குழுவில் சேர்த்துவிட வேண்டாம்.