மூளையோட பாகங்களையும் அதது செய்யற வேலையையும் எப்படி சுலபமா ஞாபகம் வெச்சுக்கறது?

நீங்க பரீட்சைக்காகத்தான் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன், படம் வரைஞ்சு பாகம் குறிக்கற கேள்வி. நானும் ஸ்கூல்ல பெருமூளை, சிறுமூளை, முகுளம்னு மனப்பாடம் பண்ணி முழு மார்க் வாங்கினவதான், அடுத்த மாசமே எல்லாம் மறந்து போச்சு. மறுபடி அதைப் படிச்சது அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப. அதுக்கப்புறம் ஒரு பாகம்கூட மறக்கல. நான் டாக்டர் இல்ல. "மூளை இவ்ளோ சிம்பிள் கிடையாது, எல்லா பாகமும் சேர்ந்துதான் வேலை செய்யும்"னு யாராவது கமெண்ட்ல வருவீங்க, சரிதான், ஆனா முதல்ல பிடிச்சுக்க ஒரு கொம்பு வேணும் இல்லையா, அதுக்காகத்தான் எழுதறேன்.

டாக்டர் அப்பாவோட சிடி ஸ்கேனைக் காட்டினப்ப படத்துல வலது பக்கம் கருப்பா ஒரு திட்டு. வலது மூளையா சார்னு கேட்டேன். "இல்லம்மா, படுத்திருக்கறவரை கால் பக்கம் நின்னு பாக்கற மாதிரி இந்தப் படம், இடம் வலமா தெரியும், இது இடது பக்கம்"னாரு. ஆனா வரலைன்னு சொல்றது வலது கையாச்சே? அதுக்கு அவர் தன்னோட பிடரில விரலை வெச்சு, மூளைல இருந்து கை காலுக்கு இறங்கற நரம்புல பெரும்பகுதி இங்க, முகுளத்துக்கிட்ட, குறுக்கா அந்தப் பக்கம் தாண்டிடும்னு சொன்னாரு. இடது பாதி வலது உடம்பை ஆளுது, வலது பாதி இடதை. இதை முதல்ல மனசுல போட்டுக்கோங்க.

பெருமூளைல ஒவ்வொரு பாதிலயும் நாலு மடல். நெத்திக்குப் பின்னாடி முன்மடல், திட்டம் போடறது, முடிவெடுக்கறது, உடம்பை அசைக்கறது. உச்சிக்குப் பின்பக்கம் இருக்கறது தொடு உணர்ச்சிக்கு. காதையொட்டி இருக்கறது கேக்கறதுக்கும் ஞாபகத்துக்கும். பின்மண்டைல இருக்கறது பார்வைக்கு, கண்ணு முன்னாடி இருந்தாலும் பாக்கற வேலை பின்னாடிதான்.

அப்பாவுக்கு அடி பட்டது இடது முன்மடல்ல, ப்ரோகா பகுதின்னு சொல்ற இடம். 1861ல பால் ப்ரோகான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர்கிட்ட வந்த ஒருத்தருக்கு "டான்"ங்கற ஒரே சத்தம்தான் வருமாம், அவர் இறந்தப்புறம் மூளையை எடுத்துப் பாத்தா இதே இடம்தான் சிதைஞ்சிருந்துச்சு. அப்பாவுக்கு வந்த வார்த்தை "நேத்து". தண்ணி வேணும்னாலும் நேத்து, லைட்டை அணைக்கணும்னாலும் நேத்து. டம்ளரைப் பாத்துக்கிட்டே வாயைக் கூட்டுவாரு, கழுத்து நரம்பு புடைக்கும், "நே... நேத்து"ன்னு வந்து விழும், உடனே அது தப்புன்னு அவருக்கே தெரிஞ்சு இடது கையால கட்டிலை அடிப்பாரு. தப்புன்னு தெரியுது பாருங்க, அதான் விஷயம். பேச்சைப் புரிஞ்சுக்கற இடம் வேற, அது காதுக்கு மேல கொஞ்சம் பின்னாடி, 1874ல வெர்னிக்கேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் சொன்ன இடம். அது அப்பாவுக்கு நல்லாவே இருந்துச்சு.

கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனாலும் சொல்லியே ஆகணும். பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் காது கேக்காதவர்கிட்ட பேசற மாதிரி கத்துனாங்க. "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னு பரீட்சை வெச்சாங்க. ஒருத்தர் கட்டில் பக்கத்துலயே நின்னு "பாவம், புத்தி போயிடுச்சு"ன்னாரு. அப்பா முகத்தை சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாரு. வாயில வார்த்தை வரலைன்னா புத்தி போச்சுன்னு அர்த்தமில்லைங்க, தயவுசெஞ்சு யாரும் இப்படிப் பண்ணாதீங்க.

சிறுமூளையை நான் புரிஞ்சுக்கிட்டது எதிர்க் கட்டில்ல இருந்தவரைப் பாத்து. அவருக்கு கை கால்ல பலம் குறையவே இல்ல. ஆனா ஸ்பூனை எடுத்தா வாய்க்குப் போகாம கன்னத்துல இடிக்கும், நடந்தா ரெண்டு பக்கமும் ஆடும். அசைவை அளந்து குடுக்கறது சிறுமூளை. பாக்க சின்னது, ஆனா மூளைல இருக்கற சுமார் 8,600 கோடி நியூரான்ல, அதாவது நரம்பு செல்லுல, முக்கால்வாசிக்கு மேல அதுக்குள்ளதான் இருக்கு. மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்கறது இதெல்லாம் முகுளமும் அடங்கின மூளைத்தண்டு, அங்க அடி பட்டா உயிருக்கே ஆபத்து.

உடம்பு எடைல 2 சதவீதம்தான் மூளை, சக்தில 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கும், அதனாலதான் மூளைக்குப் போற ரத்தம் நின்னா சில நிமிஷத்துலயே செல்லு சாக ஆரம்பிக்குது. வாய் கோணுச்சு, கை தொங்குச்சு, பேச்சு குழறுச்சுன்னா படுத்தா சரியாயிடும்னு விடாதீங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நாங்க முதல்ல போன இடத்துல அசதின்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அந்த நேரம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு ஸ்பீச் தெரபிஸ்ட் அப்பாகிட்ட "ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சு விட்டாங்க, அவரு "ரெண்டு, மூணு, நாலு"ன்னு சரசரன்னு பத்து வரைக்கும் போயிட்டாரு, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. எண்ணறது, பாட்டு, திட்டறது இதெல்லாம் பழகிப்போன பேச்சு, அதுல வலது பாதிக்கும் பங்கு இருக்குன்னு அவங்க சொன்னாங்க. இப்ப மாத்திரை எத்தனை மணிக்குப்பான்னு கேட்டா தனியா எட்டுங்கற வார்த்தை வராது. ஒண்ணுல இருந்து உதட்டுக்குள்ளயே எண்ணிக்கிட்டு வந்து, எட்டுல நிறுத்தி, என்னை நிமிர்ந்து பாப்பாரு.