திருடுபோய்ப் பிடிபட்ட கேமரா உங்களுடையதுதான் என்று எப்படிக் காட்டுவது? – கேள்வி பதில்

ஈரோடு, கல்யாண போட்டோகிராபர்: அண்ணா, பில் பத்திரமா வச்சிருக்கேன். அது போதாதா?

அந்த பில்லை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். மாடல் பெயர், விலை, ஜிஎஸ்டி எல்லாம் இருக்கும். சீரியல் நம்பர் பல பில்களில் இருக்காது. அதே மாடல் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, உங்கள் ஊரிலேயே பல பேரிடம் இருக்கும். பிடிபட்டது உங்களுடையது என்று நம்பர் இல்லாத பில் சொல்லாது. வாங்கும்போதே பாடி நம்பரையும் ஒவ்வொரு லென்ஸ் நம்பரையும் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் கடைக்குப் போய் அவர்கள் கையால் நம்பரை எழுதி, தேதி, சீல், கையெழுத்து வாங்குங்கள். நீங்களே எழுதிக்கொண்டால் பில்லைத் திருத்தியதாகிவிடும். அட்டைப்பெட்டி ஸ்டிக்கரிலும் அதே நம்பர் இருக்கும். பெட்டி வைக்க இடமில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டுமாவது வெட்டி வையுங்கள்.

திண்டுக்கல், வீடியோகிராபர்: செல்போனுக்கு சிஇஐஆர் இருக்கிற மாதிரி கேமராவை எங்கே பதிவு பண்றது, சார்?

சிஇஐஆர் என்பது தொலைந்த செல்போனை முடக்க உதவும் அரசுப் பதிவேடு. ஒவ்வொரு போனுக்கும் உள்ள ஐஎம்இஐ என்ற தனி எண்ணை வைத்து இயங்குவது. கேமராவுக்கு ஐஎம்இஐ கிடையாது. நெட்வொர்க்கில் முடக்கவும் முடியாது. அதனால் பதிவை நீங்களேதான் உண்டாக்க வேண்டும்.

பாடியின் அடியிலோ மடக்குத் திரைக்குப் பின்னாலோ நம்பர் இருக்கும். லென்ஸில் பெரும்பாலும் மவுண்ட் பக்கம், அதாவது பாடியில் மாட்டும் பக்கம். நம்பர் தெளிவாகத் தெரிய ஒரு படம், முழுப் பொருளும் தெரிய ஒரு படம் எடுங்கள். ரப்பர் தேய்ந்த இடம், கீறல், நெளிவு ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டிருந்தால் இந்த அடையாளங்கள்தான் கைகொடுக்கும். 8, ஆங்கில B இரண்டையும் மாற்றிப் படிப்பது வழக்கமான தவறு. பெட்டி நம்பரோடு ஒத்துப் பாருங்கள்.

பில், படங்கள், நம்பர் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்புங்கள். தேதி அதில் பதிந்துவிடும். கம்பெனி இணையதளத்தில் வாரண்டிப் பதிவும் செய்யுங்கள். அது உரிமைப் பத்திரம் அல்ல, ஆனாலும் உங்கள் பெயரையும் நம்பரையும் ஒரே இடத்தில் சேர்க்கும். இன்சூரன்ஸ் எடுத்தால் பாலிசி பட்டியலில் ஒவ்வொரு நம்பரும் ஏறியிருக்க வேண்டும். என் கணிப்பில் பில்லுக்கு அடுத்த வலுவான தாள் அதுதான், ஏனென்றால் திருட்டுக்கு முன்பே வேறொருவர் கொடுத்தது.

மதுரை, மாணவர்: எடுத்த படத்துக்குள்ளேயே நம்பர் இருக்குமாமே?

கேனான், நிகான் பாடிகள் பலவற்றில் எக்ஸிஃப் தகவலில், அதாவது படக் கோப்புக்குள் கேமரா தானாக எழுதும் விவரத்தில், பதியும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். சில மாடல்களில் வெளிப்படையாகத் தெரியாது, உங்கள் பாடியில் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு பாடியிலும் எடுத்த திருத்தாத மூலப்படம் ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் போய்விடும். மெனுவில் காப்புரிமை என்ற இடத்தில் பெயரையும் போன் எண்ணையும் போட்டுவையுங்கள். திருடியவர் அதை அழிக்கலாம். அழிக்காவிட்டால் வாங்குபவர் கண்ணில் உங்கள் பெயர் படும்.

திருச்சி: மண்டபத்தில் பை காணாமல் போச்சு. ஆன்லைனில் கொடுத்தால் போதுமா?

தமிழ்நாடு போலீஸ் தளத்தில் உள்ள தொலைந்த ஆவண அறிக்கை பாஸ்போர்ட், லைசென்ஸ் போன்றவற்றுக்கானது. கேமராவுக்குப் பயன்படாது. ஸ்டேஷனுக்கு நேரில் போங்கள். மனுவில் "தொலைந்தது" என்று எழுதாதீர்கள். திருட்டு என்றால் "திருடப்பட்டது" என்றே எழுதி, நம்பர்களைப் பட்டியலாகச் சேருங்கள். சி.எஸ்.ஆர். ரசீது மனு பெறப்பட்டதற்கு மட்டுமே அடையாளம். எஃப்ஐஆர் வேறு; அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். வேறு ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் கேட்கலாம். பதிய மறுத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)ன் கீழ் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட். அன்றைக்கே மண்டப நிர்வாகத்திடம் சிசிடிவி பதிவைச் சேமிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாகவே ஏறிவிடும்.

நாகர்கோவில்: செகண்ட் ஹேண்ட் வாங்கினேன், பில் இல்லை.

விற்றவரிடம் இப்போதே கையெழுத்துடன் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் இரண்டு பேரின் பெயர், முகவரி, கேமராவின் சீரியல் நம்பர், தொகை, தேதி இருக்கட்டும். அவருடைய அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். இனி வாங்கும்போது பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 317ன் கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறை. பில்லும் இல்லை, விலையும் பாதி என்றால் வாங்காதீர்கள்.

கோவை: கேமரா கிடைச்சிடுச்சுன்னு ஸ்டேஷனில் சொன்னாங்க. எப்போ கைக்கு வரும்?

கைப்பற்றிய பொருள் வழக்குச் சொத்து. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால ஒப்படைப்புக்கு, அதாவது வழக்கு முடியும் முன்பே பொருளைத் திரும்பப் பெற, மனு போட வேண்டும். 2002ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், இப்படிப்பட்ட பொருள்களைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, படம் எடுத்து, பாண்டு என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவோடு நம்பர் உள்ள பில், எஃப்ஐஆர் நகல், அடையாளப் படங்கள் கொடுங்கள். வழக்கு முடியும்வரை கேமராவை விற்கவோ, பாடியை மாற்றவோ கூடாது. கேட்கும்போது கோர்ட்டில் காட்ட வேண்டும்.