உள்ளூரில் விளைந்ததை வாங்கி வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நடக்கிற காரியமா?

பயன் நிச்சயமாக உண்டு. பல ஆண்டுகளாக நான் பெரும்பாலும் இப்படித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அந்தப் பயனில் பெரும்பங்கு, விளைந்த இடம் பக்கத்தில் இருப்பதால் வருவதல்ல; வீட்டில் அடுப்பு எரிவதால் வருவது.

சுற்றுச்சூழலை நினைத்துத்தான் பலர் உள்ளூர் உணவுக்கு மாறுகிறார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் உணவைப் பற்றி 2008இல் வெபர், மேத்யூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 83 சதவீதம் உற்பத்தியின்போதே வந்துவிடுகிறது. விளைவித்த இடத்திலிருந்து கடைக்கு வரும் பயணத்தின் பங்கு 4 சதவீதம்தான். கப்பலில் வந்த பருப்பைவிடப் பக்கத்துப் பண்ணையின் மாட்டிறைச்சி பூமிக்குப் பெரிய சுமை. எனவே கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மனத்தை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. விமானத்தில் வருவதைத் தவிர்த்தால் போதும் என்பேன்.

பக்கத்தில் விளைந்ததை நான் தேடிப் போவது சுவைக்காக. பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. சுவாசித்துக்கொண்டே தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. மக்காச்சோளத்தின் இனிப்பு, வெப்பத்தில் வேகமாக மாவுச்சத்தாக மாறிவிடும். பச்சைப் பட்டாணி ஓரிரு நாட்களிலேயே வைட்டமின் சியில் பாதியளவு இழந்துவிடக்கூடும். நெடுந்தூரம் போக வேண்டிய தக்காளியைக் காயாகப் பறித்து எத்திலீன் வாயுவால் பழுக்கவைக்கிறார்கள். நிறம் வந்துவிடுகிறது, செடியிலேயே பழுத்ததன் மணம் வருவதில்லை. அதே காரணத்தால், பறித்த உடனே உறையவைத்த பட்டாணியை நான் ஒருபோதும் மட்டமாக நினைப்பதில்லை. கடையில் பல நாள் கிடந்து வாடியதைவிட அது மேல்.

இனி அடுப்பு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பெரிதாகப் பதப்படுத்தாத உணவு. முன்னே வைத்த இரு வகை உணவிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஏறத்தாழச் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. வீட்டுச் சமையல்மீது எனக்குள்ள பிடிப்புக்கு இந்த ஒரு ஆய்வே போதுமான காரணம். உப்பும் அப்படித்தான். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டலத்தில் வருவதைச் சாப்பிட்டுக்கொண்டு அந்த அளவைக் காப்பது கடினம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நடக்குமா என்றால், நடக்கும். என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நன்றாக இருப்பதை வாங்கிவந்து, அதை வைத்து முடிவு செய்யுங்கள். கீரை வகைகளை வாங்கிய அன்றே தீர்த்துவிடுங்கள், கிழங்கும் பூசணியும் வாரக் கடைசிவரை காத்திருக்கும். பருப்பையும் பயறையும் இரண்டு வேளைக்குச் சேர்த்தே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேலையைப் பங்கிடுவது. வீட்டுச் சாப்பாட்டின் பெருமையைப் பேசுகிறவர்களில் பலர், அதை யார் சமைக்கிறார்கள் என்று சொல்வதில்லை. ஒரே ஒருவர் தலையில் மூன்று வேளையும் விழுமானால், அந்த வீட்டில் வாரத்தில் சில நாள் வெளியே வாங்கிச் சாப்பிடுவதே நியாயம்.

‘பெரும்பாலும் உள்ளூர்’ என்பதை ‘முழுக்க முழுக்க உள்ளூர்’ ஆக்கிவிடாதீர்கள். மண்ணில் இல்லாத தாதுச்சத்து அதில் விளையும் பயிரிலும் இருக்காது. ஆல்ப்ஸ் மலைப்பகுதி மக்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததையே உண்டு வாழ்ந்தவர்கள்தான். மண்ணில் அயோடின் மிகக் குறைவாக இருந்ததால் தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக்கழலையால் அவதிப்பட்டார்கள். 1922இல் சுவிட்சர்லாந்தில் உப்போடு அயோடின் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் அது அடங்கியது. காய்கறியை எங்கே வாங்கினாலும், உப்பை மட்டும் அயோடின் சேர்த்ததாகவே பார்த்து வாங்குங்கள்.